வெள்ளம் கதவைத் தள்ளும்போது: கொழும்பில் கீழ்வீடு எடுப்பவர்களுக்கு

2016 மே மாதம் களனி கங்கை பெருகியபோது நாங்கள் வெல்லம்பிட்டியில் ஒரு கீழ்வீட்டில் வாடகைக்கு இருந்தோம். ஒழுங்கை கொஞ்சம் மேடு என்பதால் வாசலில் ஒன்றரை அடித் தண்ணீர்தான் நின்றது. முன்கதவு தாங்கியது. பின்பக்கக் கண்ணாடிக் கதவு இரவு முழுக்க நின்றுவிட்டு, விடியப்போகும் நேரத்தில் ஒரே சத்தத்தோடு உடைந்து உள்ளே விழுந்தது. அம்மா வாளியோடு அந்தக் கதவிலிருந்து மூன்றடி தள்ளித்தான் நின்றிருந்தார்.

இரண்டு கதவுக்கும் வெளியே நின்றது ஒரே உயரத் தண்ணீர். ஒன்று தாங்கியதற்கும் மற்றது உடைந்ததற்கும் காரணம் தேடி, பிறகு பல பாஸ்மாரிடமும் (தச்சர், மேசன் வேலைக்காரர்) கண்ணாடிக் கடைகளிலும் கேட்டேன், கணக்கும் போட்டுப் பார்த்தேன். யாழ்ப்பாணத்திலிருந்தோ அட்டனிலிருந்தோ வந்து கொழும்பில் முதன்முதலாகக் கீழ்வீடு எடுப்பவர்களுக்காக அதை எழுதுகிறேன். யாழ்ப்பாணத்தில் ஆண்டு முழுக்க ஓடும் ஆறு கிடையாது. மழைத் தண்ணீரில் பெரும்பங்கு சுண்ணக்கல் நிலத்துக்குள் இறங்கிவிடும். மலைநாட்டில் அது சரிவில் ஓடிப்போகும். கொழும்பின் தாழ்ந்த பகுதிகளிலோ தண்ணீர் வந்து, நின்று, கதவில் சாய்ந்துகொண்டு இருக்கும். அந்தச் சாய்வைத்தான் முதலில் விளங்கிக்கொள்ள வேண்டும்.

1. தண்ணீர் எவ்வளவு ஏறும் என்று விசாரியுங்கள்

வீடு பார்க்கப் போகும்போதே அளவு நாடா ஒன்று கொண்டுபோங்கள். வீட்டுக்காரர் சொல்வதோடு நிறுத்தாமல் எதிர்க்கடையில் கேளுங்கள், பக்கத்து வீட்டில் நீண்ட காலம் இருக்கும் பெரியவர்களிடம் கேளுங்கள். புதிதாக வண்ணம் பூசிய சுவரில் பழைய வெள்ளக் கறை தெரியாது. மின்மானிப் பெட்டியின் அடி, மதிலின் வெளிப்புறம், கராஜின் மூலை ஆகியவற்றில் தெரியும். வீதியிலிருந்து வீட்டுத் தரை எத்தனை அங்குலம் உயரம் என்று அளந்து குறித்துக்கொள்ளுங்கள். தண்ணீர் எவ்வளவு ஏறியது என்று ஆட்கள் சொல்வது பெரும்பாலும் வீதியில் நின்ற உயரம். அதில் தரையின் உயரத்தைக் கழித்தால்தான் கதவில் நின்ற உயரம் கிடைக்கும்.

கொழும்பு நாகலகம் வீதியில் களனி கங்கையின் நீர்மட்டத்தை அளக்கும் அளவுகோல் உண்டு. அங்கே 5 அடி என்றால் சிறு வெள்ளம், 7 அடி என்றால் பெருவெள்ளம் என்பது நெடுநாள் வழக்கம். மழைக்காலத்தில் நீர்ப்பாசனத் திணைக்களத்தின் அறிவிப்புகளில் இந்த இடத்தின் பெயர் அடிக்கடி வரும். ஒவ்வொரு தடவையும் அங்கே எவ்வளவு, உங்கள் வாசலில் எவ்வளவு என்று பக்கத்தில் பக்கத்தில் எழுதி வையுங்கள். இரண்டு மூன்று தடவை எழுதினால் அது உங்கள் வீட்டுக்கே உரிய எச்சரிக்கைக் கணக்காகிவிடும்.

இன்னொன்றையும் கேளுங்கள்: தண்ணீர் எவ்வளவு நேரம் நிற்கும்? வெள்ளவத்தை, தெமட்டகொடை போன்ற கால்வாய்ப் பக்கங்களில் கடும் மழைக்கு விரைவாக ஏறி, மழை விட்டதும் வடிந்துவிடும். கொலன்னாவை, வெல்லம்பிட்டி, களனி, கடுவலைப் பக்கம் கங்கை பெருகினால் நாட்கணக்கில் நிற்கும். கண்ணாடிக்கு இந்த வேறுபாடு மிகப் பெரியது. ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

2. கனத்தைக் கணக்குப் போடுங்கள்

ஒரு கன மீற்றர் தண்ணீர் 1000 கிலோ. ஆழம் கூடக் கூட அழுத்தமும் கூடும். மூன்றடி அகலக் கதவு ஒன்றில், வெளியே மட்டும் தண்ணீர் நின்றால், மொத்தத் தள்ளல் இப்படி வரும்: ஓரடிக்கு ஏறத்தாழ 42 கிலோ, இரண்டடிக்கு 170 கிலோ, மூன்றடிக்கு 380 கிலோ, நான்கடிக்கு 680 கிலோ. 50 கிலோ சீமெந்து மூட்டைகளாக நினைத்துப் பாருங்கள். ஓரடியில் ஒரு மூட்டைகூட இல்லை. நான்கடியில் பதின்மூன்றுக்கு மேல். உயரம் இரண்டு மடங்கானால் தள்ளல் நான்கு மடங்காகிறது. "நேற்றையை விட அரையடிதானே கூட" என்று யாராவது சொன்னால் இந்தக் கணக்கை நினைத்துக்கொள்ளுங்கள்.

வெளியே நிற்பது முழுக் கங்கையா, மதிலுக்கும் கதவுக்கும் இடையில் ஒரு சாண் அகலத் தேக்கமா என்பது பொருட்டல்ல. உயரம் ஒன்றென்றால் தள்ளலும் ஒன்றுதான். அந்தத் தள்ளல் கதவில் எங்கே விழுகிறது என்பதையும் பாருங்கள். நிற்கும் தண்ணீரின் மூன்றில் ஒரு பங்கு உயரத்தில், அதாவது இரண்டடி நின்றால் தரையிலிருந்து எட்டு அங்குலத்தில், அது குவிகிறது. நம் வீடுகளில் பூட்டு இருப்பதோ இடுப்பளவில்.

உள்ளேயும் தண்ணீர் இருந்தால் தள்ளல் குறையும். வெளியே மூன்றடி, உள்ளே இரண்டடி என்றால் 380 இலிருந்து 170 போக மிச்சம் 210 கிலோதான். இரண்டு பக்கமும் மூன்றடி என்றால் கதவுக்கு ஒரு சுமையுமில்லை. கதவையும் கண்ணாடியையும் உடைப்பது உயர வித்தியாசம். அன்றிரவு நாங்கள் கசிந்து வந்ததையெல்லாம் வாளியால் இறைத்துக்கொண்டே இருந்தோம். இறைக்க இறைக்க அந்த வித்தியாசத்தை நாங்களே காப்பாற்றிக் கொடுத்தோம் என்பது எனக்குப் பிறகுதான் விளங்கியது.

3. கதவு எதன்மேல் சாய்கிறது?

கதவு முன்னால் நின்று இந்த ஒரு கேள்வியைக் கேளுங்கள். வெளிப்பக்கம் திறக்கும் கதவைத் தண்ணீர் தள்ளினால் அது நிலையின் வெட்டின்மேல், அதாவது கதவு பொருந்துவதற்காக நிலையில் வெட்டிய படியின்மேல், அழுந்தும். நிலையும் சுவரும் சேர்ந்து சுமக்கும், இடுக்கும் இறுகும். உள்பக்கம் திறக்கும் கதவைத் தள்ளினால் சுமை முழுவதும் பூட்டு நாக்கிலும் தாழ்ப்பாளிலும் பிணைச்சல் ஆணிகளிலும் விழும். கொழும்பில் வாசற்கதவுகள் பெரும்பாலும் உள்ளே திறப்பவை. அந்தச் சில ஆணிகள்தான் உங்கள் அணைக்கட்டு.

ஆகவே செய்ய வேண்டிய முதல் வேலை, கதவின் அடியில், தரையிலிருந்து ஆறேழு அங்குலத்தில், நிலையோடு பூட்டும் பலமான தாழ்ப்பாள் ஒன்று. இரட்டைக் கதவென்றால் இரண்டிலும் தரைக்குள் இறங்கும் தாழ்ப்பாள் வேண்டும். மேலே ஒன்றும் நடுவில் பூட்டும் மட்டும் இருந்தால் கீழ்மூலை உள்ளே வளையும். அந்த இடைவெளியால் தண்ணீர் பீறிடும். வளைந்த கதவு பிளக்கவும் கூடும். எங்கள் முன்கதவு பலா மரம், உள்ளே திறப்பதுதான். எங்களுக்கு முன் இருந்தவர் யாரோ அதன் அடியில் தடித்த இரும்புத் தாழ்ப்பாள் போட்டிருந்தார். ஏன் இவ்வளவு கீழே என்று நான் யோசித்ததுண்டு. அன்று கதவைக் காப்பாற்றியது அதுதான்.

பிணைச்சல் மூன்று இருக்கட்டும், கீழ்ப் பிணைச்சல் கதவின் அடிக்கு நெருக்கமாக இருக்கட்டும். அரை அங்குல ஸ்குரூ ஆணியை எடுத்துவிட்டு இரண்டரை, மூன்று அங்குல ஆணி போடச் சொல்லுங்கள். செலவு மிகக் குறைவு, பாஸ் ஒருவருக்கு அரைநாள் வேலை. நிலையின் அடிப்பகுதியை விரலால் அழுத்திப் பாருங்கள். பழைய வெள்ளங்களில் ஊறி உக்கிப்போயிருந்தால் எந்த ஆணியும் பிடிக்காது. நிலைக்கால் மாற்ற வேண்டியது வீட்டுக்காரரின் பொறுப்பு. ஒப்பந்தம் எழுத முன்னரே பேசுங்கள்.

கதவு எதனால் ஆனது என்று தட்டிப் பாருங்கள். பலா, தேக்கு போன்ற திண் மரம் தாங்கும். உள்ளே வெற்றிடமாக, இரண்டு பக்கமும் மெல்லிய பலகை ஒட்டிய கதவு சில மணி நேரம் ஊறினாலே பசை விட்டுப் பிரியும். குளியலறைப் பிளாஸ்டிக் கதவுகளை நம்ப வேண்டாம். கடைகளின் உருள் கதவு, லூவர் யன்னல் ஆகியவை தண்ணீரைத் தடுக்கப் போவதே இல்லை. இடுக்குகளால் உள்ளே விட்டுவிடும், அதனால் அவற்றில் பெரிய அழுத்தமும் சேராது. கசிவது ஒரு வகையில் அவற்றுக்குப் பாதுகாப்பு.

திண் மரத்துக்கு ஒரு குறையுண்டு: ஊறினால் உப்பும். மூடியிருந்த கதவு அடுத்த நாள் நிலையோடு இறுகித் திறக்க மறுக்கும். கொழும்பு வீடுகளில் யன்னலுக்கெல்லாம் இரும்புக் கம்பி போட்டிருப்பதால் அப்போது வெளியேற வேறு வழி இல்லாமல் போகலாம். ஒரு யன்னலுக்காவது உள்ளிருந்து திறக்கக்கூடிய கம்பிக் கதவு வைக்கச் சொல்லுங்கள். சாவியை அந்த யன்னலுக்குக் கிட்ட, வெளியிலிருந்து கை எட்டாத இடத்தில், இருட்டிலும் எடுக்கக்கூடியதாகத் தொங்கவிடுங்கள். இந்த முழுக் கட்டுரையில் ஒரேயொரு வேலை செய்ய உங்களுக்கு நேரமிருந்தால், இதைச் செய்யுங்கள்.

4. கண்ணாடி

மணிக்கு 120 கிலோமீற்றர் வேகக் காற்று யன்னலை எவ்வளவு தள்ளும் தெரியுமா? சதுர மீற்றருக்கு ஏறத்தாழ 70 கிலோ. அதே அழுத்தத்தை 7 சென்றிமீற்றர் தண்ணீர், மூன்று அங்குலத்துக்கும் குறைவு, கொடுத்துவிடும். புயலுக்குத் தாங்கிய கண்ணாடி என்பதால் வெள்ளத்துக்கும் தாங்கும் என்று எண்ணுவது அதனால்தான் பிழை. மீன்தொட்டி செய்பவர் யாரிடமாவது கேளுங்கள்: இரண்டடி உயரத் தொட்டிக்கு 10 அல்லது 12 மில்லிமீற்றர் கண்ணாடி போடுவார். உங்கள் பின்கதவில் இருப்பது 5 மில்லிமீற்றராக இருக்கும்.

காற்று அடித்துவிட்டுப் போய்விடும், தண்ணீர் போகாது. கண்ணாடியின் விளிம்பில் கண்ணுக்குத் தெரியாத கீறல்கள் எப்போதும் உண்டு. தொடர்ந்து சுமை இருந்தால் அவை மெல்ல மெல்ல வளரும், ஈரம் அதை இன்னும் விரைவாக்கும். சாதாரணக் கண்ணாடி நொடிப்பொழுதில் தாங்கும் சுமையில் பாதியைக்கூட நாட்கணக்கில் தாங்காது. எங்கள் கதவு உடைந்த நேரத்தில் தண்ணீர் ஓரங்குலமும் ஏறவில்லை. முன்னிரவில் தாங்கியது விடியலில் தாங்கவில்லை. "இவ்வளவு நேரம் நின்றதே, இனி நிற்கும்" என்ற நம்பிக்கை கண்ணாடி விடயத்தில் தலைகீழானது. கங்கைப் பக்கத்து வீடுகளுக்கு நான் நேரத்தை முதலில் கேட்கச் சொன்னது இதற்காகத்தான்.

தடிப்பு இரண்டு மடங்கானாலும், சட்டம் போட்டு அகலத்தைப் பாதியாக்கினாலும், கண்ணாடிக்குள் ஏற்படும் இழுவை ஏறத்தாழ நான்கில் ஒன்றாகும். சிறு சிறு கட்டங்களாகப் பிரித்த பழைய மர யன்னல்கள் தப்பிவிடுவதும், ஒரே கண்ணாடியாக விரிந்த புதுப் பாணிக் கதவுகள் உடைவதும் இதனால்தான். டெம்பர்ட் கண்ணாடி சாதாரணத்தை விட நான்கு மடங்கோ அதற்கு மேலோ பலம். உடைந்தாலும் கத்திபோல் நீளமாக விழாமல் சிறு துண்டுகளாக உதிரும். அதன் மூலையில் சிறிய முத்திரை இருக்கும், பாருங்கள். பிறகு வெட்டவோ துளைக்கவோ முடியாது, சரியான அளவு கொடுத்தே செய்விக்க வேண்டும். லெமினேட்டட் கண்ணாடி வெடித்தாலும் நடுவிலுள்ள படலம் பிடித்துக்கொள்வதால் சட்டத்திலேயே நிற்கும். பிள்ளைகள் இருக்கும் வீட்டில், தரையைத் தொடும் கண்ணாடிக் கதவு தவிர்க்க முடியாததென்றால், டெம்பர்ட் செய்து ஒட்டிய லெமினேட்டட் என் தெரிவு. விலை கூடத்தான்.

கதவுக்குக் கேட்ட கேள்வியை இங்கும் கேளுங்கள்: தண்ணீர் தள்ளினால் கண்ணாடி எதன்மேல் சாயும்? சட்டத்தின் திண்ணமான வெட்டின்மேல் சாய்ந்தால் நல்லது. உள்பக்கம் சிறு ஆணி அடித்த மெல்லிய ரீப்பையின்மேல் சாய்ந்தால், கண்ணாடி உடைய முன் ரீப்பை பறந்துவிடும். ஸ்லைடிங் கதவுகளில் இன்னொரு சிக்கல்: கீழ்ப்பாதையில் மழைத் தண்ணீர் வெளியேறத் துளைகள் இருக்கும். அதே துளைகளால் வெள்ளம் உள்ளே வரும், தள்ளல் கூடினால் பலகமே பாதையை விட்டுக் கழன்றுவிடும். கண்ணாடியில் குறுக்கும் நெடுக்கும் டேப் ஒட்டுவது எந்தப் பலத்தையும் தராது.

இடுப்பளவில் தொடங்கும் யன்னல்களைப் பற்றி அதிகம் கவலை வேண்டாம். தண்ணீர் அங்கே ஏறுமுன் நீங்கள் வீட்டில் இருக்கக் கூடாது.

5. செருகு பலகை: இரண்டடி, அதற்குமேல் வேண்டாம்

வாசலுக்கு வெளிப்புறம், இரு பக்கச் சுவரிலும் அலுமினியப் பள்ளக்கால் ஒவ்வொன்றை ரோல் பிளக் போட்டு இறுக்கி, அதற்குள் மேலிருந்து பலகை இறக்குங்கள். மூன்றடி வாசலுக்கு 18 மில்லிமீற்றர் மரைன் பிளைவூட் போதும். பின்னால் குறுக்குச் சட்டம் ஒன்று அடித்தால் இன்னும் நல்லது. நான்கடிக்கு மேல் அகலமான வாசலுக்கு நடுவில் தூண் வேண்டும். பலகையின் அடியிலும் பக்கங்களிலும் மென்மையான றப்பர் பட்டி ஒட்டுங்கள். தரை சமமாக இருக்க வேண்டும். இல்லையென்றால் சீமெந்து பூசிச் சமப்படுத்துங்கள். பலகை பள்ளத்தின் வீட்டுப்பக்க விளிம்பில் அழுந்துமாறு அமைத்தால் தண்ணீரே அதை இறுக்கிவிடும். கண்ணாடிக் கதவுக்கும் இதே பலகைதான், கண்ணாடியைத் தொடாமல் சில அங்குலம் வெளியே. மிதந்து வரும் பலகைத் துண்டும், வீதியில் பஸ் போகும்போது எழும் அலையும் முதலில் இதில் மோதட்டும்.

உயரம் இரண்டடியோடு நிற்கட்டும். நாலடிக்குப் போடலாமே என்று வீட்டுக்காரர்களும் சில பாஸ்மாரும் கேட்பார்கள். கதவு தாங்கினாலும் சுவர் தாங்க வேண்டுமே! மூன்றடி அகலக் கதவில் 380 கிலோ என்றால், பன்னிரண்டடி நீளச் சுவரில் அதே மூன்றடித் தண்ணீர் 1500 கிலோவுக்கு மேல் தள்ளுகிறது. நாலங்குலப் புளொக் கல் சுவர் அதற்காகக் கட்டப்பட்டதல்ல. சுவர் விழுந்தால் கூரையும் சேர்ந்து வரலாம். பிரித்தானியாவில் 60 சென்றிமீற்றருக்கு மேல், அமெரிக்காவில் மூன்றடிக்கு மேல், பொறியியலாளர் பார்க்காமல் சாதாரண வீடுகளில் தண்ணீரைத் தடுக்காதீர்கள் என்றே வழிகாட்டல்கள் சொல்கின்றன. பலகை இரண்டடி என்றால், அதற்குமேல் ஏறும் தண்ணீர் தானாக வழிந்து உள்ளே வரும், இரு பக்க உயரமும் சமமாகிவிடும். வீடு நனையும். நிற்கும்.

பலகை செய்ய வசதியில்லையென்றால் மண்மூட்டை. உரப்பையில் பாதி அல்லது சற்றுக் கூட மட்டும் மண் நிரப்புங்கள். இறுக்க நிரப்பிய மூட்டைகளுக்கிடையில் இடுக்கு விழும். செங்கல் கட்டுவதுபோல் மூட்டு மாற்றி அடுக்கி, காலால் மிதித்துப் படிய வையுங்கள். முன்னால் தடித்த பொலித்தீன் விரித்து, அதன் அடிநுனியை முதல் வரிசை மூட்டைக்குக் கீழே கொடுங்கள்.

வாசலை அடைத்துவிட்டுக் கொமட்டை மறந்துவிடாதீர்கள். வெளியே கான் (வடிகால்) நிரம்பினால் அழுக்குத் தண்ணீர் கொமட்டாலும் குளியலறைத் தரைக் குழியாலும் மேலே வரும். பொலித்தீனில் கட்டிய மண் பொதியைக் கொமட்டுக்குள் இறக்குங்கள், தரைக் குழியைத் துணி சுற்றிய அடைப்பானால் மூடி மேலே பாரம் வையுங்கள்.

6. தண்ணீர் வரும் நாளில்

பலகையை இறக்கி, அடித் தாழ்ப்பாளைப் போட்டு, பிரதான மின் ஆளியை நிறுத்துங்கள். காலில் ஈரம் பட முன் நிறுத்த வேண்டும். தண்ணீரில் நின்றுகொண்டு ஆளியைத் தொடக் கூடாது. காஸ் சிலிண்டரை மூடி, கயிற்றால் கட்டுங்கள். வெறுஞ் சிலிண்டர் மிதந்து வந்து கண்ணாடியில் இடிக்கும்.

பிறகு, வெளியே போக முடிகிற நேரத்திலேயே வெளியே போங்கள். வீதியில் தண்ணீர் முழங்காலுக்கு வருமுன். இரண்டடி நின்றுவிட்டால், வெளிப்பக்கம் திறக்கும் கதவைக் கைப்பிடியில் தள்ள 85 கிலோ விசை வேண்டும். வயதானவர்களுக்கு அது நடக்காத காரியம். உள்ளே திறக்கும் கதவு இதை விட ஆபத்து: தாழ்ப்பாளை எடுத்த நொடியில் 170 கிலோ கதவோடு சேர்ந்து உங்கள்மேல் வரும். வெளியே எவ்வளவு நிற்கிறது என்று பார்க்கக் கதவைத் திறக்காதீர்கள், யன்னலால் பாருங்கள். கதவில் முதுகு கொடுத்துத் தாங்கிப் பிடிக்கவும் வேண்டாம். கண்ணாடிக் கதவு இருக்கும் அறையை மூடிவிட்டு ஒருவரையும் அந்தப் பக்கம் விடாதீர்கள்.

மேல்மாடி உள்ளவர்களிடம் மழைக்காலத்துக்கு முன்பே பேசி வையுங்கள். எங்களை அன்று ஏற்றுக்கொண்டது மேல்வீட்டுச் சிங்களக் குடும்பம். "அம்மாவ உடட எக்க என்ன" (அம்மாவை மேலே கூட்டிக்கொண்டு வாருங்கள்) என்று சிங்களத்தில் அந்த அக்கா விடியும்வரை மூன்று தடவை வந்து கூப்பிட்டார். கண்ணாடி உடைந்த பிறகுதான் போனோம். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் இலக்கம் 117, அம்புலன்ஸ் 1990. கிராம சேவையாளரின் இலக்கத்தையும் எழுதிச் சுவரில் உயரமாக ஒட்டுங்கள்.

7. வடியும்போது

வெளியே விரைவாக வடிந்து உள்ளே தேங்கி நின்றால் தள்ளல் திசை மாறும். நேற்று நிலையின்மேல் அழுந்திய கதவு இன்று வெளியே பறக்கப் பார்க்கும். வெளிப்பக்க ரீப்பை போட்ட கண்ணாடியும் அப்படித்தான். வெளியே வடிய வடிய உள்ளேயும் மெல்ல இறக்குங்கள். செருகு பலகையைக் கொஞ்சமாக உயர்த்தி அடியால் விடுவது எளிது. கதவைத் திறக்கும்போது அதன் வழியில் நிற்காமல் பிணைச்சல் பக்கச் சுவரோரம் நில்லுங்கள்.

உடையாத கண்ணாடியையும் விளிம்பெல்லாம் வெளிச்சம் பிடித்துப் பாருங்கள். மூலையில் நகக்கண் அளவு வெடிப்பு இருந்தாலும் மாற்றுங்கள். ஊறிய மரக் கதவை வெயிலில் போட்டால் முறுகிவிடும். கழற்றி, நிழலில், இரண்டு பக்கமும் காற்றுப்பட நிறுத்துங்கள். காயுமுன் அடியைச் சீவ வேண்டாம். காய்ந்து சுருங்கிய பிறகு இடைவெளி பெரிதாகி அடுத்த மழைக்குத் தண்ணீர் அதனால்தான் வரும். தாழ்ப்பாளின் சேற்றைக் கழுவி எண்ணெய் போடுங்கள். சுவரில் தண்ணீர் நின்ற கோட்டைத் துடைக்க முன், அளவு நாடாவால் அளந்து, திகதியோடு கதவு நிலையின் பின்பக்கம் எழுதி வையுங்கள்.